கழற்றவும் தெரிந்தவர், பூட்டவும் தெரிந்தவர்: ஜி.டி. நாயுடு



மலாக்காவில் எந்தத் தாமானுக்குப் போனாலும் சரி, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் மிச்சம் இருக்கிற தோட்ட லயங்களுக்குப் போனாலும் சரி, ஒரு காட்சி கட்டாயம் கண்ணில் படும். வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் பிரிந்து கிடக்கும். சுற்றி நாலு பையன்கள் குந்தியிருப்பார்கள். ஒருவன் கையில் ஸ்பேனர், ஒருவன் கையில் கார்புரேட்டர், மற்ற இருவர் வாயில் ஆலோசனை. அந்தப் பக்கம் போகிற பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போவார்கள். இவனுக்குப் படிப்பு ஏறாது என்று அந்தத் தலையாட்டலிலேயே தீர்ப்பு எழுதியாச்சு.

நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிறேன். என் தாத்தா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். எங்கள் குடும்பத்தில் எஞ்சினைப் பற்றிப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அந்த வாசலில் குந்தியிருக்கும் தம்பிகளுக்கும், அண்ணன்களோடு சேர்ந்து ஸ்பேனர் பிடிக்க ஆசை இருந்தும் கூச்சப்படும் தங்கச்சிகளுக்கும் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லணும்னு ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. இந்தியாவின் எடிசன் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

1893 மார்ச் 23ஆம் தேதி, கோயம்புத்தூர் அருகே கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது ஆகும்போது, அதாவது 1896இல், நம்ம மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் கன்று நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டது அங்கேதான் ஆரம்பம். அதன்பின் தோட்டங்கள் பெருகின, நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். அந்த ரப்பரில் பெரும்பகுதி எதற்குப் போனது? டயருக்கு. உலகம் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓட, நம்ம பாட்டிமார் விடியற்காலையில் பால் எடுத்தார்கள். டயருக்கு மேலே இருந்த வண்டி மட்டும் நம்முடையதாக இல்லை. நாயுடுவின் கதை எனக்கு நெருக்கமாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம். வண்டி யாரோ செய்வது, நாம் வேடிக்கை பார்ப்பது என்ற நிலையை ஏற்க மறுத்த ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன் அவர்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. வயல் வேலைதான். இளைஞனாக இருந்தபோது ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, தானாக ஓடுகிற வண்டி. கிராமமே வேடிக்கை பார்த்தது. எல்லாரும் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. அது எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டே தீரணும்.

கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுமார் 300 ரூபாய் ஆனதும் அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். இன்றைக்கு வண்டி வாங்கினால் முதல் நாள் என்ன செய்வோம்? எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டு, ஒரு ரவுண்டு அடித்து, படம் எடுத்துப் போடுவோம். அவர் வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பிறகு திரும்பப் பூட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். கழற்றுவது யாருக்கும் வரும். எது எதோடு சேர்ந்தது, எது முதலில், எது பிறகு என்று நினைவில் வைத்துத் திரும்பப் பூட்டுவதில்தான் மூளை வேலை செய்கிறது. எஞ்சின் நான்கு காரியம் செய்கிறது. காற்றும் பெட்ரோலும் கலந்ததை உள்ளே இழுக்கிறது, அழுத்துகிறது, பற்றவைக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. வால்வு திறப்பது சற்று முன்னே பின்னே போனாலும் எஞ்சின் திக்கும், அல்லது கிளம்பவே கிளம்பாது. இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதலாம். ஆனால் தன் கையால் பூட்டிய எஞ்சினை உதைத்து, அது டப் டப் என்று உயிர் பெறும்போது வருகிற அறிவு வேறு மாதிரி. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல், பட்டறை இல்லாமல், நாயுடு அந்த அறிவை அந்த ஒரு வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் நேராகப் போனது என்று நினைக்காதீங்க. பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் சம்பாதித்தார், பம்பாய் வரை போய்ப் பணத்தை இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார். மறுபடியும் எஞ்சினிடமே வந்தார்.

கோயம்புத்தூரில் வணிகம் செய்த ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டினார். ஆமாம், நம்ம முருகன் குடியிருக்கும் பழநிதான். ஒரே ஒரு பஸ். அவரேதான் டிரைவர். வழியில் நின்றுபோனால் இறங்கிச் சரிசெய்ய வேண்டியவரும் அவர்தான். மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்றது இங்கே சோறு போட்டது. அந்த ஒரு பஸ் வளர்ந்து யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமானது. யு.எம்.எஸ். பஸ் என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை.

பணம் வந்ததும் உட்கார்ந்துவிடவில்லை. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர் பக்கம் வந்தது. பஞ்சாலைக்கும் கிணற்றுப் பம்புக்கும் மின்மோட்டார் வேண்டும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடு என்ற இன்னொரு தொழில்நுட்ப மேதையும் சேர்ந்து, பீளமேட்டில் 1937இல் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் அது என்று சொல்லப்படுகிறது. இன்று கோயம்புத்தூர் பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர் என்றால், அதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

அவர் செய்தவற்றின் பட்டியல் நீளம். ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் தயாரான ராசன்ட் என்ற சவர இயந்திரம் அவருடையது. சிறு மோட்டார், பேட்டரியில் ஓடும். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். அவர் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: சாதாரண ஆள் வாங்குகிற விலையில் பொருள் வரணும்.

அந்தக் கணக்கின் உச்சம் 1952இல் வந்தது. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். ஆனால் தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. கார் அங்கேயே நின்றுபோனது. நல்ல பொருள் செய்தால் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும் என்ற கசப்பான பாடம் அது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு போன்ற பழைய கார்களை மலிவாக வாங்கி, தேவையில்லாத தகடுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினை ஏற்றி, தாங்களே வேக வண்டிகளாக மாற்றினார்கள். ஹாட் ராட் என்று அதற்குப் பெயர். முதலில் தெருவிலேயே ஓட்டினார்கள். விபத்து, போலீஸ், கெட்ட பெயர். பசங்களை அடக்குவதற்குப் பதிலாக, வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் ஒரு சங்கம் தொடங்கி, விதி வகுத்து, பாதுகாப்புச் சோதனை வைத்து, தெருப் பந்தயத்தைத் தடத்துக்குக் கொண்டுபோனார். ஆர்வம் அதேதான். இடம் மாறியது, மரியாதை வந்தது.

நம்ம ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை ராத்திரி நெடுஞ்சாலையில் உயிரைப் பணயம் வைக்கும் கூட்டத்தில் நம்ம பசங்களும் இருக்கிறார்கள். அந்த வண்டிகளை மாற்றியமைத்த கைகள் திறமையான கைகள். அதை நான் மறுக்கவே மாட்டேன். திறமை இருக்கிறது, போக வேண்டிய இடம்தான் தெரியவில்லை.

நாயுடு இதற்கும் வழி காட்டியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி காரோ ரேசரோ இல்லை. 1945இல், பணமும் புகழும் இருந்த காலத்தில், கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அவை தொடங்கின. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தொடக்கப் பள்ளியோடு நின்றவர் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்! நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டில் முடிக்கலாம், பட்டறையில் கையால் செய்து கற்றால் போதும் என்பது அவர் வாதம். அரசு ஒப்பவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். நான்கு ஆண்டுப் படிப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு எஞ்சினைச் சுற்றி 30 பேர் நிற்கும்போதெல்லாம் அவர் வாதத்தின் நியாயம் புரிகிறது.

இதைக் கேட்டு, அவரே படிக்கலையே, நான் ஏன் படிக்கணும் என்று கிளம்பிடாதீங்க தம்பிகளா. அவர் பள்ளியைத்தான் விட்டார், படிப்பதை விடவில்லை. தான் கற்றதை அடுத்தவன் முறையாகக் கற்க வேண்டும் என்றுதான் கல்லூரியே கட்டினார். அதுவும் இன்றைக்குச் சான்றிதழ் இல்லாத போமனுக்கு எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் சம்பளம் ஒரு இடத்தில் நின்றுவிடும். நம்ம மாநிலத்திலேயே வழி இருக்கிறது. கியாட்மாரா இருக்கிறது, தொழிற்கல்லூரி இருக்கிறது, மலாக்கா பாலிடெக்னிக் இருக்கிறது, அலோர் காஜா பக்கம் அட்டெக் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு சுமாராக வந்தவர்களுக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் வழியாக மேலே ஏறும் படிகள் உண்டு. துரியான் துங்கலில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாணவர்கள் தாங்களே செய்த சிறு பந்தயக் கார்களை ஓட்டும் ஃபார்முலா வார்சிட்டி போட்டியை நடத்தியிருக்கிறது. வேகம் வேண்டுமா? அந்த மாதிரித் தடத்தில், ஹெல்மெட்டோடு, நீ செய்த வண்டியில் போ.

நம் கிளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தேவார வகுப்பு, யோகா, ரத்ததானம் எல்லாம் செய்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு ஸ்பேனர் வகுப்பும் வைப்போமே. செலவு அதிகம் இல்லை. ஓடாத பழைய கப்சாய் எஞ்சின் ஒன்று, அல்லது பழுதான புல்வெட்டும் இயந்திரம் ஒன்று போதும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் வரிசையாகத் தட்டில் வைத்து, எண் எழுதி, படம் வரைந்து, பிறகு பூட்டணும். பூட்டி, ஓடவைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும். அண்ணன்மார் யாராவது பட்டறை வைத்திருந்தால் அவரைக் குருவாகக் கூப்பிடுங்கள். தங்கச்சிகளையும் கூப்பிடுங்கள். சொந்த வண்டியை மாற்றியமைக்க ஆசைப்படுகிறவர்கள் ஜே.பி.ஜே. விதியை முதலில் படியுங்கள். எஞ்சினையும் சேஸியையும் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. நாயுடுவின் கார் காகிதம் இல்லாமல் நின்றதை மறக்காதீங்க.

1974 ஜனவரி 4ஆம் தேதி நாயுடு மறைந்தார். அவர் பெயரில் கோயம்புத்தூரில் தொழில் கண்காட்சி இருக்கிறது, பழைய கார்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. அவினாசி சாலை மேம்பாலத்துக்கும் இப்போது அவர் பெயர்தான். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் பழநிக்குப் போகும் வழியில் ஒருநாள் ஒதுக்கி அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கருவி சாமிதான் என்று அன்றைக்கு ஒரு நாள் ஒத்துக்கொள்கிறோம். மறுநாளும் அதைப் பிடிக்கிற பையனைப் பார்த்துத் தலையை ஆட்டாமல் இருந்தாலே போதும், நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் டயருக்கு மேலே இருப்பதையும் செய்துகாட்டுவார்கள். அடுத்த ஞாயிறு உங்கள் கிளையில் ஒரு பழைய எஞ்சின் கிடைக்குமா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.