தோல்வியும் புகழும்: திப்பு சுல்தான் வாழ்வு உணர்த்தும் பாடம்

குன்னூரை அடுத்துள்ள வெலிங்டன் நகரை அறியாதார் நம் மாவட்டத்தில் இல்லை. ஜெகதளா கிராமத்தை ஒட்டி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் அமைத்த படைமுகாமுக்கு, வெலிங்டன் கோமகன் ஆர்தர் வெல்லெஸ்லியின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அத்தளபதி, தம் இளமையில் ஓர் இரவு தோற்றுத் திரும்பியதுண்டு. அத்தோல்வியைத் தந்தது, அந்நாளில் இந்நீலமலையையும் தன் ஆட்சிப்பரப்பில் கொண்டிருந்த மைசூர் அரசின் படையாகும். அவ்வரசின் அதிபதியே மாவீரர் திப்பு சுல்தான்.

பிறப்பும் இளமையும்

திப்பு 1750-ஆம் ஆண்டு தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தையார் ஹைதர் அலி, தாயார் ஃபக்ருன்னிஸா. ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் வலியுல்லாஹ்வின் பெயரையே பெற்றோர் தம் மகனுக்குச் சூட்டினர். எழுத்தறிவு பெறாத தந்தை, மகனுக்குக் கல்வியையும் போர்ப்பயிற்சியையும் ஒருங்கே அளித்தார். முதலாம் மைசூர்ப் போரின்போது, பதினேழு வயதளவிலேயே திப்பு குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர்வரை சென்று ஆங்கிலேயரை நடுங்கச் செய்தார்.

புள்ளலூர்ப் போர்

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை சூழப்பட்டது. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையைத் திப்பு முதலில் மறித்தார். பின்னர் ஹைதரும் வந்து சேர்ந்தார். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ஏவுகணைகள் எதிரிகளின் அணிகளைக் கலைத்தன. பெய்லி சிறைப்பட்டார். பக்சார் போரில் வென்ற தளபதி மன்றோ, சில மைல் தொலைவில் காஞ்சியில் இருந்தும் உரிய நேரத்தில் உதவிக்கு வரவில்லை. பின்னர் தம் கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஆயினும் அவ்வெற்றியின் சூட்டோடு சென்னையை நோக்கி விரைய ஹைதர் முற்படவில்லை. கைக்கெட்டிய வாய்ப்பு நழுவியது. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக்கரையில் கர்னல் பிரைத்வெயிட்டையும் திப்பு வென்றார். அவ்வாண்டு டிசம்பரில் தந்தை மறையவே, ஆட்சிப்பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1783-இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரோடு சமாதானம் செய்துகொண்டு விலகினர். எனினும் திப்பு தளராது நின்று, 1784 மார்ச்சில் மங்களூரில் தம்மை நாடிவந்த கும்பெனித் தூதர்களுடன் சமநிலையில் உடன்படிக்கை செய்துகொண்டார்.

மக்கள் மனம்

அமெரிக்காவில் சரடோகா, யார்க்டவுன் ஆகிய இடங்களில் கண்ட தோல்விகளோடு புள்ளலூர்த் தோல்வியும் சேர்ந்தது. இங்கிலாந்து மக்கள் திகைத்தனர். தளபதிகளின் தவறு பேசப்பட்டதோடு, சிறை மீண்ட வீரர்களின் துயரக் கதைகளும் நூல்களாய் வெளிவந்து பரவின. திப்பு கொடுங்கோலர் என்ற சித்திரம் அங்கே வேரூன்றியது. யார்க்டவுனில் சரணடைந்த அதே காரன்வாலிஸ், 1792-இல் திப்புவின் இரு இளம் புதல்வர்களைப் பிணையாகப் பெற்றபோது, அக்காட்சியை ஓவியர் பலர் தீட்டினர். அதற்கு முந்திய ஆண்டு, உணவும் மாடுகளும் இன்றி அவர் பீரங்கிகளை அழித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கிய காட்சி அவ்வாறு கொண்டாடப்படவில்லை.

நம் பக்கத்து நினைவும் ஒரே நிறத்தது அன்று. திப்பு தம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் வெற்றியை ஓவியமாகத் தீட்டச் செய்தார். ஆனால் அதே போரில் பயிரும் மாடும் இழந்த தமிழகச் சிற்றூர்கள் அக்காலத்தை ஹைதர் கலாபம் என்றே நினைவில் வைத்தன. குடகிலும் மலபாரிலும் மங்களூர்ப் பகுதியிலும் திப்பு மேற்கொண்ட கடும் நடவடிக்கைகளால் குடிபெயர்க்கப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் அவ்வேதனை நிலைத்திருக்கிறது. அவருடைய வீரத்தைப் போற்றும் நாம் இவற்றையும் அறிந்திருத்தல் நேர்மையாகும்.

இறுதிப் போர்

1792 உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் இழந்தார். மராட்டியரும் நிஜாமும் எதிரணியில் நின்றனர். அவர்களைத் தம் பக்கம் சேர்க்க இயலாமற்போனதே அவருடைய பெருங்குறை எனலாம். 1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகிலிருந்த சுல்தான்பேட்டைத் தோப்பைத் தாக்கிய வெல்லெஸ்லி, இருளில் வழி தவறி, முழங்காலில் காயமுற்றுத் திரும்பினார். மறுநாளே பெரும்படையுடன் அனுப்பப்பட்டு அத்தோப்பைக் கைப்பற்றினார். முன்னறியாத இடத்தை இரவில் தாக்குவதில்லை என்று அவர் அன்று கொண்ட உறுதி பிற்காலத்தில் அவருக்குத் துணையாயிற்று.

மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்தை விட்டகலாது வாளேந்திப் போரிட்டு வீரமரணம் எய்தினார். தந்தையின் அருகே படைமரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டார். நீலமலை கும்பெனியின் கைக்கு மாறியது. அவருடைய மரப்புலி இலண்டனில் காட்சிப்பொருளாயிற்று. அவருடைய ஏவுகணைகளை ஆராய்ந்து ஆங்கிலேயர் தமக்கும் அவ்வாறே செய்துகொண்டனர்.

நாம் பெறும் பாடம்

தோற்ற வெல்லெஸ்லிக்கு மறுநாளே மற்றொரு வாய்ப்பு கிடைத்தது. அவர் பெயரில் இங்கு ஒரு நகரமே விளங்குகிறது. புள்ளலூரில் தோற்றுச் சிறையிலேயே 1782-இல் மாண்ட பெய்லிக்கும் 1816-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுந்தது. தம் தோல்விகளை எவ்வாறு எழுதி வைப்பது என்பதை வென்றவர்கள் தாமே முடிவு செய்தனர். திப்புவின் வரலாறோ நெடுங்காலம் அவருடைய எதிரிகளின் கையெழுத்திலேயே இருந்தது. குன்னூருக்கு அப்பால் பக்காசூரன் மலையில் சிதைந்து நிற்கும் கோட்டையை அவருடைய காவல் அரண் என்று நம் பகுதியில் சொல்லிவருகின்றனர். அங்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, வென்றவர் எழுதியதையும் தோற்றவர் பட்டதையும், இடையில் நின்ற எளிய குடிகள் இழந்ததையும் ஒருசேரக் கற்பிப்பது பெரியோராகிய நம் கடமையாகும்.