புல்மன் முதலாளியும் வாடகை வீடும்

அமெரிக்காவில் சிகாகோ நகருக்குத் தெற்கே, ஒரு முதலாளி தன் பெயரிலேயே ஒரு பட்டணம் கட்டினார். வீடு, கடை, பள்ளிக்கூடம், மாதா கோவில் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். அவர்தான் ஜார்ஜ் புல்மன்.

1831ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு அதிகமில்லை. ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டே போகும் பெட்டிகளைச் செய்து கோடீஸ்வரரானார். 1880ல் பட்டணத்தைக் கட்டத் தொடங்கினார். செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், காஸ் விளக்கு. நல்ல வீடுதான், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வீட்டைக்கூட தொழிலாளி விலைக்கு வாங்க முடியாது. வாடகையும் பக்கத்து ஊர்களைவிட அதிகம்.

1893ல் வியாபாரம் படுத்தது. கூலியில் ஏறக்குறைய கால்வாசியை வெட்டினார். வாடகையை மட்டும் குறைக்கவில்லை. பங்குக்காரர்களுக்கு வழக்கம்போல 8 விழுக்காடு லாபம் போனது. கூலி வேறு, வாடகை வேறு என்பது அவர் வாதம். லயத்தில் பிறந்த நமக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

ஜென்னி கர்ட்டிஸ் என்று ஒரு தையல்காரப் பெண். அங்கேயே பல வருஷம் உழைத்த தகப்பன், 60 டாலர் வாடகைப் பாக்கியோடு செத்துப்போனார். அந்தக் கடனை மகளின் கூலியிலிருந்து கேட்டது கம்பெனி! அவர்தான் பிறகு ரயில்வே தொழிற்சங்க மாநாட்டில் எழுந்து நின்று ஆதரவு கேட்டவர்.

1894 மே மாதம் முறையிடப் போனவர்களில் மூன்று பேருக்கு வேலை போயிற்று. மறுநாள், 11ம் தேதி, வேலைநிறுத்தம். புல்மன் பெட்டி மாட்டிய ரயிலைத் தொடமாட்டோம் என்றது யூஜின் டெப்ஸ் தலைமையிலான சங்கம். அந்தச் சங்கம் கறுப்பர்களைச் சேர்க்காமல் விட்டது, அது பெரிய தப்பு. ஜனாதிபதி கிளீவ்லண்ட் பட்டாளத்தை அனுப்பினார். பலர் சுடப்பட்டுச் செத்தார்கள். டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். திரும்ப வேலைக்கு வந்தவர்களிடம், அந்தச் சங்கத்தில் இருக்கமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள்.

1897ல் புல்மன் இறந்தார். ஆத்திரத்தில் யாரும் சவத்தைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, சவப்பெட்டியைச் சுற்றிக் கான்கிரீட் கொட்டி, மேலே தண்டவாளம் போட்டு இறுக்கி அடக்கம் செய்தார்கள். மறு வருஷம் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆலைக்குத் தேவையில்லாத நிலத்தையும் வீடுகளையும் கம்பெனி விற்றுவிட வேண்டும்.