முழங்கால் மாற்று சிகிச்சை: மூட்டைவிட தசைநார் முக்கியம்னு காட்டிய டாக்டர்... யார் இந்த ஜான் இன்சால்?

முட்டி தேஞ்சுபோச்சு, மாத்தணும்னு டாக்டர் சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, எந்த கம்பெனி மூட்டு, என்ன விலை என்பதுதான். ஆனால் ஆபரேஷனின் பாதி வெற்றி மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரில் இருக்கிறது. அதை அழுத்தமாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் இன்சால்.

1930-ல் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்துவிட்டு, 1960-களில் நியூயார்க்கின் ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரிக்குப் போனார். அப்போது இருந்த செயற்கை மூட்டுகள் பலவும் கதவுக் கீல் மாதிரி. நீட்டலாம், மடக்கலாம், அவ்வளவுதான். நிஜ முட்டியோ மடங்கும்போது லேசா திரும்பவும் செய்யும். அந்தத் திருகல் முழுக்க எலும்பில் இறங்க, பல கீல் மூட்டுகள் சில வருஷத்திலேயே ஆட்டம் கண்டன.

1974-ல் சித்தரஞ்சன் ராணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோரோடு சேர்ந்து டோட்டல் கான்டைலர் மூட்டைக் கொண்டுவந்தார் இன்சால். இதில் கீலே கிடையாது. அப்போ காலை ஆடாமல் பிடிப்பது யார்? இரு பக்கத் தசைநார்கள்தான்!

சிக்கல் எங்கே?

வருஷக்கணக்கா வில் மாதிரி வளைந்த காலில் உள்பக்கத் தசைநார் இறுகியிருக்கும், வெளிப்பக்கம் தளர்ந்திருக்கும். ஒரு பக்கக் கயிறு தொளதொளன்னு இருக்கும் பந்தல்கால் மாதிரி. இன்சால் இறுகிய பக்கத்தை வெட்டி எறியவில்லை. கீழ்க்கால் எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா பிரித்து, இரு பக்க இறுக்கமும் சமமாகும் வரை தளர்த்தினார். காலை நீட்டினாலும் 90 டிகிரி மடக்கினாலும் எலும்புகளுக்கு நடுவே ஒரே அளவு செவ்வக இடைவெளி இருக்கணும். நீட்டும்போது இடைவெளி குறைஞ்சா கால் முழுசா நீளாது. மடக்கும்போது குறைஞ்சா மடங்காது. ஒரு பக்கம் மட்டும் இறுகினா, அந்தப் பக்க பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும்.

1978-ல் இன்ஜினியர் ஆல்பர்ட் பர்ஸ்டீனோடு அடுத்த மாடல். முட்டிக்குள் பின்பக்கம் இருக்கும் சிலுவைத் தசைநாரை எடுத்துவிட்டு, அதன் வேலையை நடுவில் ஒரு முளை பார்த்தது. அந்தத் தசைநாரை எடுக்கணுமா, வைக்கணுமா என்ற வாக்குவாதம் டாக்டர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இன்சால் 2000 டிசம்பர் 30-ல், 70 வயதில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு 2 மாதம் முன்புதான், அவரோடு 1974-ல் உழைத்த, இந்தியாவில் பிறந்த ராணாவத் மும்பைக்கு வந்து பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலை மாற்றியிருந்தார். வலது காலுக்கு 2001-ல் மறுபடி வந்தார்.