குமரப்பா கண்ட சமயநெறி

தாம் பிறந்த சமயத்தை வழிவழி வந்த உடைமையாகக் கொள்வோர் பலர். அதனை ஆராய்ந்து, தம் வாழ்வால் மெய்ப்பித்துக் காட்டுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜே. சி. குமரப்பா.

இவர் 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது. தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். அன்னையார் எஸ்தர் அம்மையார் இறைப்பற்றும் ஈகையும் ஒருங்கே அமைந்தவர். ஆங்கிலேயரின் நடையுடையையும் சமயத்தின் ஒரு கூறாகவே கருதிய கிறிஸ்தவக் குடும்பங்கள் அக்காலத்தில் பல. அச்சூழலிலேயே குமரப்பாவும் வளர்ந்தார்.

இலண்டன் மாநகரில் கணக்கியல் கற்றுத் திரும்பிய அவர், மும்பையில் கணக்காயராகத் தொழில் நடத்திப் பொருள் ஈட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆங்குள்ள திருச்சபை ஒன்றில், இந்தியா வறுமையுற்றது ஏன் என்பது பற்றி ஒருநாள் உரையாற்றினார். அதனை அறிந்த பேராசிரியர் செலிக்மன் அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். ஆராய ஆராய, அயலார் ஆட்சி நாட்டின் செல்வத்தை உறிஞ்சிய வகை தெளிவாயிற்று. உடன் ஒரு வினாவும் எழுந்தது. அன்பைப் போதிக்கும் சபை, ஏழையை வாட்டும் ஆட்சிக்குத் துணைநிற்றல் எங்ஙனம் பொருந்தும்?

1929-இல் தாயகம் திரும்பியவர், கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்து, குமரப்பா என்னும் பெயரைப் பூண்டார். அவ்வாண்டு மே 9-ஆம் நாள் சாபர்மதியில், மரத்தடியில் நூல்நூற்றுக் கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டார். அவரே காந்தியடிகள் என அறிந்ததும், மேனாட்டு உடை கசங்குவதையும் பாராது தரையில் அமர்ந்தார். பின்னர்க் கதரே அவர்தம் உடையாயிற்று.

1930-இல் உப்பு அறப்போர் மூண்டது. சட்டமறுப்பு கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாது எனக் கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்காட் கருதினார். குமரப்பா அவருக்கு மறுப்பெழுதினார். தம் சமயத் தலைவரையே எதிர்த்து நிற்றல் எளிய செயலன்று. எனினும், மலைப்பொழிவு கற்பித்த அறத்தைக் கைவிட அவர் உள்ளம் இசையவில்லை. நாட்டுப் பணியில் பலமுறை சிறை புகுந்தார்.

1942-இல் எழுந்த போராட்டத்தின்போது ஜபல்பூர்ச் சிறையில் வைக்கப்பட்ட குமரப்பா, இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் யாத்தார். சடங்குகளால் மட்டும் ஒருவன் கிறிஸ்தவன் ஆகான். பிறர்க்கென வாழ்பவனே இயேசுவின் அடியான் என்பது அவர் கண்ட தெளிவு. இறைவன் அனைவர்க்கும் தந்தையாயின், பிற சமயத்தாரும் உடன்பிறந்தாரே அன்றோ? காந்தியடிகளோடு பல சமய வழிபாட்டில் கலந்துகொண்ட அவர், இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

அவர்தம் பொருளியலும் இந்நம்பிக்கையில் கிளைத்ததே. எடுக்க எடுக்கக் குறையும் கனிமத்தையும், ஆண்டுதோறும் விளையும் பயிரையும் அவர் வேறுபடுத்திக் கண்டார். அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்களைக் காண்போர்க்கு அவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இறைவன் அளித்த செல்வத்தில் வருங்கால மக்களுக்கும் பங்குண்டு என்பதே அதன் கருத்து.

இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் எளிய குடிலில் வாழ்ந்தார். 1960 சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் இயற்கை எய்தினார். கற்றதை ஆராய்க, ஆராய்ந்து தெளிந்தவாறு ஒழுகுக. இதுவே அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.