விட்டுக்கொடுக்கக் கற்பித்த மேதை ஜிம் கிரே

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் சொல். தங்கையும் நானும் சண்டையிடும்போதெல்லாம் எங்கள் பாட்டி இதைச் சொல்லித்தான் எங்களைப் பிரித்து வைப்பார். இந்தப் பண்பு மனிதருக்கு மட்டுமன்று, கணிப்பொறிக்கும் வேண்டும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் அறிந்துகொண்டேன்.

அன்று அம்மாவுடன் ஒரு வங்கிக்குச் சென்றிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். திடீரென்று எல்லாக் கவுன்ட்டர்களிலும் வேலை நின்றுவிட்டது. மின்சாரம் இருந்தது, கணிப்பொறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் ஒரு கணக்கும் நகரவில்லை. அலுவலர் ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ பேசினார். சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. யாரோ பாதியில் விட்டுச் சென்ற ஒரு வேலை மற்ற எல்லாவற்றையும் மறித்து நின்றதாகவும், அதை நிறுத்திய பிறகே வழி பிறந்ததாகவும் அவர் அம்மாவிடம் விளக்கினார். எனக்கோ ஓர் அச்சம். பாதியில் நிறுத்தினால் அந்தப் பாதிப் பணம் என்ன ஆகும்? இதற்கு விடை தேடியபோது நான் அறிந்த மாமேதைதான் ஜிம் கிரே.

இளமையும் கல்வியும்

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே 1944ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் பணிபுரிந்தவர். தாயார் ஓர் ஆசிரியை. குழந்தைப் பருவத்தில் சில காலம் ரோம் நகரில் வாழ்ந்த கிரே, பெற்றோர் பிரிந்த பின் தாயுடன் சான்பிரான்சிஸ்கோவுக்கே திரும்பி வந்து அங்கே வளர்ந்தார்.

1961ஆம் ஆண்டு பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வேதியியலில் மதிப்பெண் குறைந்தது. மனம் தளர்ந்து ஆறு மாதம் படிப்பை விட்டே விலகியிருந்தார். ஆயினும் மீண்டும் வந்து சேர்ந்து, 1966இல் பொறியியல் கணிதத்தில் பட்டம் பெற்றார். 1969இல் அப்பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியியல் துறை வழங்கிய முதல் முனைவர் பட்டம் அவருக்கே கிடைத்தது. காலாண்டுத் தேர்வில் வேதியியல் மதிப்பெண்ணைப் பார்த்துக் கண் கலங்கிய என் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

பூட்டு ஏன் வேண்டும்?

1970களில் கிரே ஐ.பி.எம். நிறுவனத்தின் சான்ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கே சிஸ்டம் ஆர் என்னும் பெயரில் ஒரு தகவல் தளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். தகவல் தளம் என்பது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் புரட்டும் மிகப் பெரிய பதிவேடு என்று கொள்ளலாம். இன்று டேட்டாபேஸ் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

ஒரே பதிவேட்டைப் பலர் தொட்டால் என்ன நேரும்? ஒருவர் கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது. ஒரு கவுன்ட்டரில் 500 ரூபாயும், அதே நொடியில் மற்றொரு கவுன்ட்டரில் 200 ரூபாயும் கட்டப்படுகின்றன. இரு எழுத்தர்களும் 1000 என்றே படிக்கிறார்கள். முதல்வர் 1500 என்று எழுதுகிறார். அடுத்தவர் அதைப் பாராமல் 1200 என்று மேலே எழுதிவிடுகிறார். 500 ரூபாய் மாயமாகிவிட்டது! இதைத் தடுக்கவே பூட்டு வேண்டும். ஒருவர் திருத்தி முடிக்கும் வரை அந்தக் கணக்கு மற்றவர்க்குப் பூட்டியிருக்கும். படிக்க மட்டும் வருபவர்கள் பலர் ஒன்றாகப் படிக்கலாம். அறிவிப்புப் பலகையை நாம் அனைவரும் கூடி நின்று படிக்கிறோம். சிஸ்டர் புதிய அறிவிப்பை ஒட்ட வந்தால் விலகி நிற்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

எவ்வளவு பெரிய பூட்டுப் போடுவது என்பது அடுத்த கேள்வி. ஒரு புத்தகத்துக்காக நூலகம் முழுவதையும் பூட்டினால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பூட்டுப் போட்டாலோ, அலமாரி முழுவதும் தேவைப்படுபவர் எல்லாப் பூட்டுகளையும் எண்ணிப் பார்த்தே ஓய்ந்துவிடுவார். கிரேயும் அவர் தோழர்களும் அழகான வழி கண்டனர். உள்ளே ஒரு புத்தகத்தைப் பூட்டுபவர் முதலில் அலமாரிக் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட வேண்டும். அலமாரி முழுவதையும் கேட்டு வருபவர் அந்தச் சீட்டைப் பார்த்தாலே போதும். இவ்வழி இன்றும் கையாளப்படுகிறது.

1976ஆம் ஆண்டு ஈஸ்வரன், லோரி, டிரெய்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. தேவையான பூட்டுகளையெல்லாம் முதலில் பெறு. ஒன்றை விடுவிக்கத் தொடங்கிய பின் புதிதாக எதையும் பிடிக்காதே என்னும் எளிய விதியைப் பின்பற்றினால் கணக்குகள் குழம்பா என்று அதில் அவர்கள் நிறுவினர்.

முட்டுக்கட்டை

பூட்டு வந்ததும் புதிய தொல்லையும் வந்தது. கணக்குப் பாடத்தில் என்னிடம் காம்பஸ் இருக்கிறது; பக்கத்திலிருப்பவளிடம் ஸ்கேல் இருக்கிறது. படம் வரைய இருவருக்கும் இரண்டும் வேண்டும். அவள் ஸ்கேலைத் தரட்டும் என்று நான் காத்திருக்கிறேன். நான் காம்பஸைத் தரட்டும் என்று அவள் காத்திருக்கிறாள். மணி அடிக்கும் வரை ஒரு படமும் வரையப்படாது. இருவரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் இருவரும் தோற்றுப்போனோம். இதுவே முட்டுக்கட்டை.

சிஸ்டம் ஆர் இதற்கும் ஒரு காவலாளியை வைத்தது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அது அவ்வப்போது பார்க்கும். அந்தக் காத்திருப்பு ஒரு வட்டமாகச் சுற்றி வந்தால் முட்டுக்கட்டை என்று அறிந்துகொள்ளும். பிறகு, விட்டுக்கொடுத்தால் இழப்புக் குறைவாக இருக்கும் ஒருவரைத் தேர்ந்து அவர் வேலையை நிறுத்தும். அவர் பூட்டு விடுபட்டதும் மற்றவர் வேலை நடக்கும். விட்டுக்கொடுத்தவர் தம் வேலையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

அப்படியானால் பாதிப் பணம்? என் அச்சத்துக்கு விடை இங்கேதான் கிடைத்தது. எதையும் மாற்றுவதற்கு முன், பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. வேலை நிறுத்தப்பட்டால் கணிப்பொறி அந்தக் குறிப்பைப் பின்னோக்கிப் படித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் பழையபடி ஆக்கிவிடும். ஒரு பரிவர்த்தனை முழுமையாக நடக்க வேண்டும். இல்லையேல் நடக்காதது போலவே ஆகிவிட வேண்டும். பாதியில் நிற்பது என்பதே கூடாது. இதுவே கிரே உலகுக்குத் தந்த பெரும் பாடம்.

உறங்கும் பூட்டு

வங்கியில் நான் கண்டது முட்டுக்கட்டையும் அன்று. அங்கே வட்டம் இல்லை. ஒருவர் ஒரு கணக்கைத் திறந்து பூட்டிவிட்டு, முடிக்காமலேயே எழுந்து போயிருப்பார். அவர் பின்னால் ஒருவர், அவர் பின்னால் மற்றொருவர் என்று வரிசை நீண்டிருக்கும். முதலாமவர் உறங்குகிறாரா, யோசிக்கிறாரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் ஒரு கால எல்லையை முன்பே வகுக்க வேண்டும். அல்லது பொறுப்பாளர் ஒருவர் பட்டியலைப் பார்க்க வேண்டும். அவர் காத்திருப்பவர்களை வெட்டிவிடக் கூடாது. வரிசையின் தலையில், தாம் எதற்கும் காத்திராமல் பிறரைக் காக்க வைப்பவரைக் கண்டுபிடித்து அந்தத் தொடர்பை மட்டும் முடிக்க வேண்டும்.

பிறகும் பொறுமை வேண்டும். ஒரு மணி நேரம் செய்த வேலையைத் திருப்பி வைக்கவும் நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்திப் பயனில்லை. இயந்திரம் மறுபடி விழித்ததும் விட்ட இடத்திலிருந்து அதே வேலையைத்தான் செய்யும்.

பிற பணிகளும் விருதும்

வெவ்வேறு ஊர்களிலுள்ள கணிப்பொறிகள் ஒரே பரிவர்த்தனையில் ஈடுபட்டால் எல்லாம் ஒருமித்து இசைய வேண்டும். இதைக் கிரே திருமணத்தோடு ஒப்பிட்டார். குருவானவர் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே கேட்கிறார். இருவரும் சம்மதித்தால்தான் திருமணம். ஒருவர் மறுத்தாலும் இல்லை. நம் ஆலயத்தில் நாம் காணும் காட்சி கணிப்பொறிக்கும் பாடமாக இருப்பது வியப்பல்லவா?

1980இல் டான்டம் நிறுவனத்தில் சேர்ந்தார். கணிப்பொறிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து 1985இல் அறிக்கை எழுதினார். இயந்திரப் பழுதைவிட, அதை இயக்குபவரின் பிழைகளும் நிரல்களின் பிழைகளுமே பெருங்காரணம் என்று காட்டினார். 1995இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, வானிலிருந்து எடுத்த பூமியின் படங்களையும், தொலைநோக்கி கண்ட விண்மீன்களின் விவரங்களையும் எல்லோரும் காணும்படி இணையத்தில் வைக்க உதவினார். 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. கணிப்பொறித் துறையில் அதனினும் பெரிய விருது இல்லை. இத்தனை புகழிலும் இளைஞர்களுக்கு உதவ அவர் நேரமில்லை என்று சொன்னதில்லை என்று அவருடன் பழகியவர்கள் நினைவுகூர்கின்றனர்.

திரும்பாத படகு

2006ஆம் ஆண்டு அவர் தாயார் காலமானார். 2007ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், தாயின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காகக் கிரே தம் பாய்மரப் படகில் தனியே புறப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே 40 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள ஃபாரலோன் தீவுகள் வரை சென்று திரும்புவதாக எண்ணம். அப்படகின் பெயருக்கு விடாப்பிடி என்று பொருள். அன்று வானம் தெளிவாகவே இருந்தது. ஆயினும் அவர் திரும்பவில்லை.

கடலோரக் காவல் படையினர் நான்கு நாள் தேடினர். நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பெற்று இணையத்தில் வைக்க, முகமறியாத ஆயிரக்கணக்கானோர் அவற்றைத் துண்டு துண்டாக உற்றுநோக்கினர். குடும்பத்தார் கடலடியிலும் தேடச் செய்தனர். ஒரு பலகைத் துண்டும் கிடைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், அவர் படித்த பெர்க்லியிலேயே நண்பர்கள் கூடி அவரைப் போற்றினர். ஐந்தாண்டுகள் கழிந்த பின், 2012இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

முடிவுரை

எந்த வேலையும் முடிவின்றி நிற்கக் கூடாது என்று வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் வாழ்வு இப்படி முடிவு தெரியாமல் நின்றதைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. இயந்திரத்துக்குக் கால எல்லை வகுக்கலாம். வாசலில் காத்திருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் யார் வகுப்பது? அவர்களும் ஒரு நாள் காத்திருப்பை விட்டுவிட்டு வாழ்வைத் தொடர வேண்டியிருந்தது. அன்பு குறைந்ததால் அன்று. உலகம் நடக்க வேண்டும் என்பதால்.

இன்று வங்கியில் பணம் எடுத்தாலும், இரயிலுக்கு முன்பதிவு செய்தாலும் அவர் வகுத்த நெறிகள் நமக்குக் காவலாக நிற்கின்றன. அன்புத் தோழியரே, பிடித்த பிடியை விடாமல் இருவரும் நின்றால் இருவருக்கும் நட்டம். குறைவாக இழப்பவர் முதலில் விட்டுக்கொடுக்கட்டும். சென்ற வாரம் நான் காம்பஸைக் கொடுத்துவிட்டேன். படம் வரைய எனக்குச் சற்றுத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். பாட்டி சொன்னது சரியே!