கணக்குக் கேட்ட குமரப்பா

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகிறீர்களா? வழியில் டி.கல்லுப்பட்டி வரும். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா என்ற பொருளாதார மேதை தம் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

அவர் 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டுமாகத்தான் வெளியே வருவார். பிறகு அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் வரவு செலவு பற்றி ஆராய்ந்தார்.

இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஏழை விவசாயி கட்டும் வரி எங்கே போகிறது என்று ஆங்கில அரசின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். பெரும்பணம் ராணுவத்துக்கும் கடனுக்கும் போனது. மக்களின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் மிஞ்சியது கொஞ்சமே! வெளிநாட்டில் படித்த அந்தப் படிப்பே அவரைத் தேசபக்தராக மாற்றிவிட்டது.

1929-ல் அந்த ஆராய்ச்சியுடன் சபர்மதி ஆசிரமம் சென்றார். மரத்தடியில் ஒரு முதியவர் தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என்று தெரிந்ததும், மடிப்புக் கலையாத கால்சட்டையோடு குமரப்பாவும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆராய்ச்சியைக் காந்தியடிகள் தமது 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார்.

அடுத்து, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று, விவசாயிகளின் வரவு செலவைக் கேட்டு எழுதினார். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர் ஆனார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கு அங்கேதான் உருவானது. சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார்.

சிறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 'நிலைத்த பொருளாதாரம்' பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இயற்கையிலிருந்தே பாடம் சொல்கிறார். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் வளர்க்காத மரத்தின் பழத்தைப் பறிக்கிறது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவையோ எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதர்களின் பொருளாதாரமும் இப்படி ஐந்து வகை என்றார் அவர். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். அவற்றை நம்பிய வாழ்வு நிலைக்காது என்று அன்றே எச்சரித்தார்.

காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-ல் குமரப்பா மறைந்தார்.

குழந்தைகளே, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது? இந்த வாரம் வீட்டில் கணக்கு எழுதிப் பாருங்கள். பொருளாதாரத்தின் முதல் பாடம் அதுதான்!