பெண் சிரித்தாள், வக்கீல் சீட்டாட்ட மன்னர் ஆனார்!

கையில் 13 சீட்டுகள். அவற்றைப் பார்த்து, ஏலம் கேட்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டும். கேட்டுவிட்டுத் தோற்றால், எதிரிக்குப் புள்ளி போய்விடும். கேட்காமல் இருந்தால், ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கை நழுவிப் போகும்.

"பிரிட்ஜ்" ஆடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டவர், சார்லஸ் கோரன்.

கோரன் 1901-ம் ஆண்டு மார்ச் 4-ந்தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பிறந்தார். ரஷியாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பம். சட்டம் படிக்க கனடா நாட்டுக்குப் போனார். மாண்ட்ரீல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மாணவராக இருந்தபோது ஒரு வீட்டில் அவரைச் சீட்டாட அழைத்தார்கள். கோரனுக்கு ஆட்டம் தெரியாது. தப்பும் தவறுமாக ஆடினார். அதைப் பார்த்து, அந்த வீட்டு இளம்பெண் சிரித்துவிட்டாள்!

கோரனுக்கு அவமானம் தாங்கவில்லை. நன்றாகக் கற்றுக்கொள்ளாமல் இனி சீட்டைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். அந்தக் காலத்தில் பெரிய நிபுணராக விளங்கிய மில்டன் வொர்க் எழுதிய புத்தகத்தை வாங்கி, சட்டப் புத்தகம் போலவே வரி வரியாகப் படித்தார்.

படிப்பு முடிந்ததும் பிலடெல்பியாவில் வக்கீல் தொழில் தொடங்கினார். வருமானம் அதிகம் இல்லை. ஆனால் சீட்டாட்டத்தில் பெயர் பரவியது. மில்டன் வொர்க்கே அவரைத் தம் எழுத்து வேலைக்கு உதவியாக வைத்துக்கொண்டார். 1934-ல் வொர்க் இறந்தார். 1936-ல் கோரனின் முதல் புத்தகம் வந்தது. அத்துடன் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டார். படித்த படிப்பை விட்டுச் சீட்டை நம்பிப் போவது என்றால், துணிச்சல்தான்!

அரையும் ஒன்றரையும்

அப்போது பிரிட்ஜ் உலகை ஆண்டவர் எலி கல்பெர்ட்சன். அவர் முறைப்படி, கையில் இருக்கும் சீட்டுகளை அரை, ஒன்று, ஒன்றரை என்று பின்னத்தில் மதிப்புப் போடவேண்டும். சாதாரண மக்களுக்கு அது பிடிபடவில்லை.

ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற எளிய கணக்கை மில்டன் வொர்க் ஏற்கனவே பரப்பி இருந்தார். ஆனால் அது துருப்பு இல்லாத ஆட்டத்துக்குத்தான் பொருந்தியது. டொரண்டோ நகரின் இன்சூரன்சு கணக்கு நிபுணர் வில்லியம் ஆண்டர்சன் உதவியுடன், கோரன் அதைத் துருப்பு ஆட்டத்துக்கும் பொருத்தினார். ஒரு ஜாதியில் சீட்டே இல்லை என்றால் 3 புள்ளி, ஒரே சீட்டு என்றால் 2, இரண்டு சீட்டு என்றால் 1. 1949-ல் இந்த முறை புத்தகமாக வந்தது.

14 புள்ளி இருந்தால் கண்டிப்பாக ஏலம் கேட்கவேண்டும். 13 தான் எல்லைக்கோடு. அங்கேதான் புத்தி வேண்டும்.

இரண்டு கைகளைப் பாருங்கள். ஒரு கையில் இரண்டு ராஜா, இரண்டு ராணி, மூன்று ஜாக்கி. படம் படமாக ஜொலிக்கிறது. கூட்டினால் 13. ஆனால் ஆஸ் ஒன்றுகூட இல்லை! அதற்கு ஒரு புள்ளியைக் கழிக்கச் சொன்னார் கோரன். மீதி 12. பேசாமல் "பாஸ்" சொல்லவேண்டியதுதான்.

இன்னொரு கையில் ஆஸ், ராஜாவுடன் 5 ஸ்பேட். ராஜா, ஜாக்கியுடன் 4 டைமன். ஒரே ஒரு ஹார்ட். மூன்று சில்லறைக் கிளாவர். படத்துக்கு 11, ஒற்றை ஹார்ட்டுக்கு 2. இதுவும் 13 தான். ஆனால் இதைக் கேட்கலாம். முதலில் ஸ்பேட், கூட்டாளி பதில் சொன்னபின் டைமன் என்று, அடுத்த பேச்சு தயாராக இருக்கிறது அல்லவா?

கூட்டாளிகள் இருவர் கையிலும் சேர்ந்து 26 புள்ளி இருந்தால், முழு ஆட்டத்துக்குப் போகலாம். வீட்டுப் பெண்களும் விரல்விட்டு எண்ணி ஆடத் தொடங்கினார்கள். கல்பெர்ட்சனின் செல்வாக்கு சரிந்தது.

1950-ல் பெர்முடா தீவில் நடந்த முதல் உலகப் போட்டியில், வெற்றி பெற்ற அமெரிக்கக் குழுவில் கோரனும் ஒருவர். அவருடன் பல ஆண்டுகள் ஜோடி சேர்ந்து ஆடியவர் ஹெலன் சோபெல் என்ற வீராங்கனை. 1958-ல் "டைம்" பத்திரிகை கோரனின் படத்தை அட்டையில் போட்டது. 1959 முதல் 1964 வரை டெலிவிஷனில் ஆட்டம் நடத்திக் காட்டினார்.

கோரன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1991-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி, கலிபோர்னியாவில் 90-வது வயதில் காலமானார். இப்போது பலர் 12 புள்ளியிலேயே ஏலம் கேட்கிறார்கள். ஆனால் ஆஸுக்கு 4 என்று எண்ணுவது மாறவில்லை.